மதிய உணவு மேசையில் துருக்கி மொழி: சி1 தேர்வுக்குத் தயாராவோருக்குச் சில குறிப்புகள்

துருக்கி அரசின் 'துர்க்கியே புர்ஸ்லரி' உதவித்தொகையில் செல்பவர்களுக்குப் பட்டப்படிப்புக்கு முன் ஓராண்டு மொழிப்படிப்பு உண்டு. துருக்கி மொழிவழிப் படிப்பில் சேர்பவர் அதன் முடிவில் சி1 (ஐரோப்பிய மொழித்தர அளவுகோலின் ஆறு படிகளில் ஐந்தாவது) நிலைச் சான்றிதழைப் பெற்றாக வேண்டும். பிரெஞ்சுக்கும் ஜெர்மனுக்கும் இருப்பது போன்ற பயிற்சி நிலையங்கள் நம் ஊரில் இந்த மொழிக்கு அரிது என்பதால், பேசிப் பழகும் வாய்ப்பை அங்கே போன பிறகே தேட வேண்டியிருக்கிறது. அங்காராவில் படித்தபோது எனக்கு அந்த வாய்ப்பு பெரும்பாலும் மதிய உணவு வேளையில்தான் கிடைத்தது.

தமிழ் பேசுபவருக்கு இலக்கணம் பெரிய தடையன்று. வினை இறுதியில் வருகிறது. உருபுகள் சொல்லின் பின்னால் ஒட்டுகின்றன. நீ, நீங்கள் என்பதைப் போலவே சென், சிஸ் என்ற வேறுபாடு உண்டு. 'பானா பிர் சோர்பா வெரிர் மிசினிஸ்' என்ற தொடர், 'எனக்கு ஒரு சூப் தருவீர்களா' என்பதன் அதே சொல்வரிசையில் நிற்கிறது. இடர் செவியில்தான். வருகிறேன் என்பதற்கு வகுப்பில் 'கெலியோரும்' என்று கற்பது வெளியே 'கெலியோம்' என்று சுருங்கிவிடும்.

இதற்கு ஏற்ற இடம் 'எஸ்னாஃப் லொகான்டாசி'. கடைக்காரர்களும் தொழிலாளர்களும் மதியம் உண்ணும் எளிய உணவகம் அது. வெள்ளை பீன்ஸில் செய்யும் குரு ஃபசுல்யே, கொண்டைக்கடலை, காய்கறிக் கலவையான துர்லு, பிலாவ் என அன்றைக்குச் சமைத்தவை கண்ணாடிக்குப் பின்னால் சூடான தட்டுகளில் வரிசையாக இருக்கும். மொழி கற்பவருக்கு அந்தக் கண்ணாடியே பகை: விரலைக் காட்டினால் வாய் திறக்காமலேயே வயிறு நிறைந்துவிடும். ஆகவே கையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, இன்று என்ன இருக்கிறது என்று வாயால் கேளுங்கள். பரிமாறுபவர் மூச்சுவிடாமல் ஒப்பிப்பதைப் போன்ற கேட்டல் பயிற்சி எந்த ஒலிப்பதிவிலும் கிடையாது. பன்னிரண்டரை மணி நெரிசலில் இதைச் செய்தால் பின்னால் நிற்பவர்கள் பொறுமையிழப்பார்கள். பதினொன்றரை மணி உகந்தது. இரண்டு மணிக்குமேல் பேச நேரம் இருக்கும், நல்ல உணவுதான் தீர்ந்திருக்கும். அங்கும் முன்பின் அறியாதவரை 'அபி' (அண்ணன்), 'அப்லா' (அக்கா) என்றே அழைப்பதால், பேச்சைத் தொடங்க நமக்குக் கூச்சம் வருவதில்லை.

விகுதியின் உயிரொலி, சொல்லின் உயிரொலிக்கு ஏற்ப மாறும் 'உயிரொலி இயைபை' நான் உணவுப் பெயர்களிலிருந்தே பிடித்துக்கொண்டேன். 'உடன்' என்னும் பொருள் தரும் ஒரே விகுதி, இறைச்சியுடன் என்னும்போது 'எத்லி' என்றும், காரத்துடன் என்னும்போது 'அஜுலு' என்றும், உப்புடன் 'துஸ்லு', பாலுடன் 'சுத்லு' என்றும் முன்னுள்ள உயிருக்கேற்ப நான்கு வடிவம் கொள்கிறது. தமிழ் எழுத்தில் பின் மூன்றும் 'லு' என்றே தோன்றினாலும் ஒலி வேறு. 'அஜுலு'வில் வருவது ஏறத்தாழ நம் குற்றியலுகரம். பிற நாட்டு மாணவர்கள் திண்டாடும் அந்த ஒலி நமக்கு இயல்பாக வரும். 'துஸ்லு'வில் முழு உகரம். 'சுத்லு'வில் இதழைக் குவித்து இகரம் சொல்ல வேண்டும்.

மரக்கறி உண்பவர்களுக்கு ஒரு சொல். பருப்பு, பயறு வகைகளிலும் இறைச்சித் துண்டோ இறைச்சிச் சாறோ சேர்ந்திருக்கலாம் என்பதால், பார்வையை நம்பாமல் 'இச்சிந்தே எத் வார் மு' (இதில் இறைச்சி உண்டா) என்று கேட்பது நல்லது. ஆலிவ் எண்ணெயில் சமைத்து ஆறவைத்துப் பரிமாறும் 'செய்தின்யாலு' வகைகளில் பொதுவாக இறைச்சி இராது.

எனினும் இந்த வழி, என் கணிப்பில், மூன்றாம் படியான பி1 வரைக்கும்தான் கைகொடுக்கும். சி1 தேர்வில் படித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் ஆகிய நான்கும் உண்டு. அங்கே கருத்தை நிறுவும் கட்டுரையும், '-மெக்தெதிர்' என்று முடியும் ஏட்டு நடையும் எதிர்ப்படும். உணவகத்தில் அப்படிப் பேசினால் சிரிப்பார்கள். ஆகையால் இரண்டாம் பருவம் தொடங்கியதும் செய்தித்தாளின் தலையங்கத்தை நாள்தோறும் படித்து, அதன் வாதத்தை ஒரு பத்தியில் எழுதி ஆசிரியரிடம் திருத்தம் பெறுங்கள். பேச்சுத் தேர்வுக்கு ஒரு வாரம் முன்பிருந்து 'கெலியோம்' போன்ற சுருக்கங்களை விட்டுவிட்டு, முழு வடிவங்களையும் 'சிஸ்' என்னும் மரியாதைப் பன்மையையும் வாய்விட்டுப் பழகுங்கள்.