சுத்தமாக இருந்த சக்கரம்

எங்கள் வீட்டு ஸ்போர்ட்ஸ் காரின் முன்வலது சக்கரம் இரண்டே வாரத்தில் கரி பூசியதுபோல் கறுத்துவிடுவதும், முன்னிடது சக்கரம் மட்டும் கழுவிய பளபளப்புக் குறையாமல் நிற்பதும் எனக்கு நான்கு மாதங்களாகத் தெரிந்தே இருந்தன. தெரிந்தும் நான் பொருட்படுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியைக் கழுவும்போது வலது பக்கத்துக்கு ஒரு வாளித் தண்ணீர் கூடுதலாகச் செலவாகிறதே என்பதுதான் அப்போது என் மனக்குறையாக இருந்தது.

பொள்ளாச்சியில் குடியிருப்பவனுக்கு இதற்கு ஒரு சமாதானம் சொல்லிக்கொள்வதும் எளிது. ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்று மேற்கே பார்த்திருக்கும் எதையும் புழுதியாக்காமல் விடாது. எங்கள் வாசலில் காரின் வலது பக்கம்தான் மேற்கே பார்த்து நிற்கும். ஆனால் செம்மண் புழுதி பழுப்பாக இருக்கும், விரலால் தடவினால் போய்விடும். என் சக்கரத்தில் இருந்ததோ கறுப்பாக, விரல் ரேகைக்குள் ஏறிக்கொண்டு சோப்புக்கும் மசியாத தூள். பழைய ஸ்பீக்கர் ஒன்றிலிருந்து கழற்றிய காந்தத்தைத் தாளில் சுற்றி அதன்மேல் காட்டியபோது தூள் எழுந்து தாளில் முள்முள்ளாக ஒட்டிக்கொண்டது. அத்துடன் ஆடிக்காற்றின் மீதிருந்த பழி நீங்கியது.

அது பிரேக் தூசி. பிரேக் தூசி என்பது, டிஸ்க்கை இருபுறமும் நெருக்கிப் பிடிக்கும் கட்டையான பேடின் உராய்வுப் பொருள் மட்டும் அன்று. சக்கரத்தோடு சுழலும் தட்டான டிஸ்க் சாம்பல்நிற வார்ப்பிரும்பால் ஆனது. கோவையில் பம்பு செட்டுகளுக்கு உருக்கி வார்க்கும் அதே வகை இரும்புதான். ஒவ்வொரு முறை மிதியை அழுத்தும்போதும் பேடு தேய்வதுடன் டிஸ்க்கும் சிறிது தேய்கிறது, அந்த இரும்புத்தூள்தான் காந்தத்தில் ஏறியது. ஐரோப்பிய ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு வழக்கமாகப் பொருத்தப்படும் பேடுகளில் உலோகத் துகள்களின் பங்கு கணிசமாக இருக்கும். அவை நன்றாகப் பிடிக்கும், நன்றாகத் தூசியும் கிளப்பும். செராமிக் வகைப் பேடுகள் தூசியைக் குறைக்கின்றன. ஆகவே தூசி இருப்பதே கோளாறு ஆகாது. அது எந்தச் சக்கரத்தில், எவ்வளவு என்பதுதான் கேள்வி.

முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிடக் கறுப்பாக இருப்பது இயற்கை. பிரேக் பிடிக்கும்போது எடை முன்னோக்கிச் சாய்கிறது. 1400 கிலோ எடையும், முன் பின் அச்சுகளுக்கிடையே 2.5 மீட்டர் இடைவெளியும், தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் ஈர்ப்பு மையமும் கொண்ட ஒரு காரை எடுத்துக்கொள்வோம். நிற்கும்போது முன்னும் பின்னும் 700 கிலோ வீதம் சமமாகத் தாங்குகின்றன என்று வைத்துக்கொண்டால், 0.8 ஜி, அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தின் 0.8 மடங்கு அளவுக்கு அழுத்தி நிறுத்தும்போது 224 கிலோ பின்னிருந்து முன்னுக்குப் போய், 924-க்கு 476 என்று ஆகிவிடுகிறது. மூன்றில் இரண்டு பங்கு வேலை முன்னச்சின் தலையில் விழுகிறது. இதற்கு மாறாக, இக்கால வண்டிகள் சிலவற்றில் பின்சக்கரம் அதிகம் கறுப்பதும் உண்டு. மெதுவாக நிறுத்தும்போது பின்பிரேக்கைக் கூடுதலாகப் பயன்படுத்தும் மின்னணுப் பங்கீடும், வளைவுகளில் உட்சக்கரத்தை மட்டும் பிடித்து வண்டியைத் திருப்பும் அமைப்பும் அதற்குக் காரணமாக இருக்கலாம். முன்னுக்கும் பின்னுக்கும் இடையிலான வேறுபாட்டுக்கு இப்படிப் பல நியாயங்கள் உண்டு. ஒரே அச்சில் இடத்துக்கும் வலத்துக்கும் இடையே கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு இருப்பதற்கு அப்படியொரு நியாயத்தை நான் இன்னும் கேட்டதில்லை.

இவ்வளவு படித்தும் நான் செய்த தவறு, கறுத்த சக்கரத்தையே நோயாளியாகக் கருதியது. பேடுகளை டிஸ்க்கின்மேல் அழுத்தும் கவ்வியான காலிப்பரில், வலது பக்கம், பேடைத் தள்ளும் பிஸ்டன் திரும்பி உள்ளே போகாமல் பேடு டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கிறது என்று நானாகவே முடிவுகட்டி, ஊரில் எனக்குப் பழக்கமான மெக்கானிக்கிடம் வண்டியை விட்டேன். அவர் வலது சக்கரத்தைக் கழற்றினார், பிஸ்டனை அழுத்தினார், உள்ளே போயிற்று, காலிப்பர் வழுக்கி நகரும் கம்பிகளான பின்களை அசைத்தார், வழுக்கின, தூசியுறை கிழியவில்லை, பேடுகள் உள்ளும் புறமும் ஒரே அளவில் தேய்ந்திருந்தன. அறுபதைக் கடந்த அவர் காங்கேயம் பக்கத்துக்காரர். கையைத் துடைத்துக்கொண்டே, “தம்பி, வண்டியில பூட்டுன ரெண்டு மாட்டுல வேர்த்து நிக்கற மாட்டத் தடவிப் பாத்து என்னங்க பண்றது? வேர்க்காத மாட்டப் பாக்கோணுமுங்க” என்றார். எனக்கு அது உடனே விளங்கவில்லை. அன்று நேரமும் ஆகிவிட்டதால், இடது சக்கரத்தைக் கழற்றாமலே வண்டியை எடுத்துவந்துவிட்டேன்.

அவர் சொன்னதைக் கணக்காகப் போட்டுப் பார்த்தபோதுதான் புரிந்தது. மிதியை அழுத்தினால் எழும் பிரேக் எண்ணெயின் அழுத்தம் இரு பக்கமும் ஒன்றுதான். ஒரு பக்கம் அந்த அழுத்தத்தை உராய்வாக மாற்றத் தவறினால், வண்டி எதிர்பார்த்த வேகத்தில் நிற்காது. ஓட்டுபவனின் கால் தன்னையறியாமல் இன்னும் சிறிது அழுத்தும். அந்தக் கூடுதல் அழுத்தத்துக்கு நல்ல பக்கம் தன் பங்கை ஒழுங்காகச் செய்யும், தூசியும் கூடும். கறுப்பு, நோயின் அடையாளமாகவும் இருக்கலாம், உழைப்பின் அடையாளமாகவும் இருக்கலாம். பார்வையை மட்டும் கொண்டு இரண்டையும் பிரிக்க முடியாது.

பிரிப்பதற்கு எனக்கு உதவியது, ஃபவுண்டரியில் வேலை பார்க்கும் என் மைத்துனரிடம் இரவல் வாங்கிய அகச்சிவப்பு வெப்பமானி. துப்பாக்கிபோல் நீட்டி விசையை அழுத்தினால் தொடாமலே வெப்பத்தைக் காட்டும் கருவி அது. பளபளப்பான உலோகத்தில் அது உண்மையைவிடக் குறைத்தே காட்டும் என்பதால், நான்கு சக்கரங்களிலும் டிஸ்க்கின் ஒரே இடத்தை, ஒரே தொலைவிலிருந்து, வண்டி நின்ற ஒரு நிமிடத்துக்குள் அளப்பது என்று முறை வைத்துக்கொண்டேன். எண்ணின் துல்லியத்தைவிட, எண்களுக்கிடையிலான வேறுபாடே எனக்குத் தேவைப்பட்டது.

முதல் சோதனை, பிரேக்கை முடிந்தவரை தொடாமல் ஓட்டுவது. விடியற்காலையில் உடுமலை–தாராபுரம் சாலையில், காற்றாலைகளுக்கு இடையே இருபது கிலோமீட்டர் ஓட்டி, கடைசியில் கியரைக் குறைத்து வேகத்தைத் தணித்து, வண்டியைத் தானாகவே நிற்கவிட்டேன். முன்வலது 58 டிகிரி, முன்னிடது 55, பின்வலது 57, பின்னிடது 49. முன்வலதில் பேடு உரசிக்கொண்டே இருந்திருந்தால் இந்தச் சோதனையிலேயே அந்தச் சக்கரம் மட்டும் நெருப்பாக இருந்திருக்கும். இல்லை. என் முதல் ஊகம் அந்தச் சாலையோரத்திலேயே முடிந்துபோயிற்று.

இரண்டாவது சோதனை, பிரேக்குக்கு வேலை கொடுப்பது. அதற்கு எங்கள் பக்கத்தில் வால்பாறை மலைப்பாதையைவிடச் சிறந்த இடம் இல்லை. ஆழியாற்றிலிருந்து எண் எழுதிய நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். இறக்கத்தில் இடப்பக்க வளைவும் வலப்பக்க வளைவும் மாறி மாறி வருவதால், பாதையே ஒரு பக்கத்துக்குச் சாதகம் செய்கிறது என்றும் சொல்ல முடியாது. ஒன்பதாம் வளைவில் அணையைப் பார்க்கக் கூட்டம் நிற்கும் காட்சிமுனையில் வண்டியை ஓரங்கட்டி அளந்தேன். முன்வலது 212 டிகிரி, முன்னிடது 131. பின்சக்கரங்கள் 118, 109. செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்த ஒரு குடும்பம், இந்த ஆள் சக்கரத்தைச் சுடுகிறானே என்று என்னைப் பார்த்தது. ஓடும்போது எல்லாம் சமம், பிடிக்கும்போது இடது பக்கம் குளிர்ச்சி என்றால், இடது பக்கம் பிடிக்கவில்லை என்பதைத் தவிர வேறு பொருள் கிடையாது. உறுதிப்படுத்திக்கொள்ள, சக்கரங்களை உருளைகளின்மேல் ஏற்றி ஒவ்வொன்றின் பிரேக் விசையையும் அளக்கும் ரோலர் பிரேக் சோதனைக் கருவி உள்ள கோவைப் பணிமனை ஒன்றில் ஏற்றிப் பார்த்தபோது, முன்னச்சில் வலது 3.1 கிலோ நியூட்டன், இடது 1.9 என்று வந்தது. ஒரே அச்சில் ஒரு சக்கரத்தின் விசை மற்றதன் 70 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் ஐரோப்பிய ஒன்றியத்தின் வாகனச் சோதனை விதிகள் அதைப் பெரிய குறையாகக் கொள்கின்றன. என்னுடையது 61.

மீண்டும் காங்கேயத்துக்காரரிடம் போனேன். இடது சக்கரம் கழன்றதும் கதை முழுவதும் அங்கேயே எழுதியிருந்தது. உட்பக்கப் பேடில் 4 மில்லிமீட்டர் மிச்சம், வெளிப்பக்கப் பேடில் 8.5. ஒற்றைப் பிஸ்டன் கொண்ட நகரும் காலிப்பரில் பிஸ்டன் தள்ளுவது உட்பேடை மட்டும்தான். காலிப்பரின் உடல் தன் பின்களின்மேல் வழுக்கி உள்நோக்கி வந்தால்தான் வெளிப்பேடு டிஸ்க்கை அணைக்கும். அந்தப் பின்களில் ஒன்று இறுகிப்போயிருந்தது. கையால் சுழற்ற முடியவில்லை. சுத்தியலால் தட்டி வெளியே எடுத்தபோது, அதன் முனையிலிருந்த ரப்பர் புஷ் ஊறிய புளியங்கொட்டைபோல் உப்பியிருந்தது. நான் வாங்குவதற்கு முன்போ பின்போ எந்தப் பட்டறையிலோ, சிலிக்கான் கிரீஸ் வைக்கவேண்டிய இடத்தில் பேரிங்குக்கு வைக்கும் சாதாரண கிரீஸை அப்பியிருக்கிறார்கள். பெட்ரோலிய எண்ணெய் பட்டால் பிரேக்கில் உள்ள ரப்பர் உப்பும். ஒரு கரண்டி கிரீஸில் மிச்சம் பிடித்த காசு எவ்வளவு இருக்கும் என்று எனக்கு இன்றும் எரிச்சலாக இருக்கிறது.

சக்கரம் வெளியில் பளபளத்ததன் காரணமும் இதுவே. அலாய் வீலின் முகத்தில் படியும் தூசியில் பெரும்பகுதி வெளிப்பேடிலிருந்து வருவது. அது உழைக்காததால் முகம் சுத்தமாக இருந்தது. ரிம்மைத் திருப்பி உட்பக்கத்தைப் பார்த்தால் அங்கே கறுப்பு வேண்டிய அளவு இருந்தது. டிஸ்க்கின் வெளிமுகத்தில் மெல்லிய துரு வளையமும் ஒன்று படிந்திருந்தது. ஆரங்களுக்கிடையே டார்ச் அடித்து நான்கு மாதங்களுக்கு முன்பே அதைப் பார்த்திருக்கலாம்.

பிரேக் பிடிக்கும்போது வண்டி வலப்பக்கம் இழுத்திருக்க வேண்டுமே, அது ஏன் எனக்குத் தெரியவில்லை என்பது வேறொரு சுவையான கேள்வி. மழைநீர் வடிவதற்காக நம் சாலைகள் நடுவிலிருந்து ஓரத்துக்குச் சரிந்திருக்கும். இடப்பக்கம் ஓட்டும் நமக்கு வண்டி எப்போதும் இடப்புறமாகவே சற்று நழுவும். அந்த நழுவலும் இந்த இழுப்பும் ஒன்றையொன்று பெருமளவு விழுங்கிவிட்டன. போதாக்குறைக்கு, இருபக்க விசை வேறுபட்டாலும் ஸ்டீயரிங்கைத் தானே எதிர்ப்பக்கம் திருத்திக்கொள்ளும்படி முன்சக்கரங்களின் வடிவியலை அமைப்பது பல ஜெர்மானிய வண்டிகளின் வழக்கம். நல்ல பொறியியல்தான், ஆனால் நோயை மறைக்கும் நல்ல பொறியியல்.

நான் அஞ்சிய உரசல் நோய் வேறு யாருக்கேனும் உண்மையிலேயே வந்தால் என்ன செய்வது என்று மெக்கானிக்கிடம் கேட்டுவைத்தேன். சக்கரம் இறுகி நிற்கும்போது காலிப்பரில் பிரேக் எண்ணெயை வெளியே விடும் திருகான பிளீடு ஸ்குருவைச் சிறிது திறக்க வேண்டும். அப்போதே சக்கரம் விடுபட்டால், எண்ணெய் அழுத்தம் உள்ளே சிக்கியிருக்கிறது. பெரும்பாலும் எண்ணெய் வரும் ரப்பர் ஹோஸ் உட்புறம் சிதைந்து, போன எண்ணெயைத் திரும்ப விடாமல் அடைத்திருக்கும். திறந்த பின்னும் விடுபடாவிட்டால் பிஸ்டனோ பின்னோ துருவேறிப் பிடித்திருக்கிறது. இரண்டு நிமிட வேலை.

இரு பக்கமும் புதுப் பின்கள், ரப்பர் உறைகள், முன்னச்சு முழுமைக்கும் ஒரே வகைப் பேடுகள், பழைய டாட் 4 தரப் பிரேக் ஆயிலுக்கு மாற்று என்று வேலை முடிந்தது. இடது பக்கத்துக்கு மட்டும் பேடு மாற்றினால் போதாதா என்ற என் கேள்விக்கு அவர் பதில் சொல்லாமல் என்னைப் பார்த்ததே போதுமானதாக இருந்தது. செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற பந்தயத் தடத்தில் அவ்வப்போது ஓட்டும் நண்பர் ஒருவர், முன்னுக்கு மட்டும் பந்தயப் பேடு போடச் சொன்னார். மறுத்துவிட்டேன். முன்பேடின் உராய்வு 20 விழுக்காடு கூடினால், முன்னுக்கும் பின்னுக்கும் 66-க்கு 34 என்றிருந்த பங்கு 70-க்கு 30 ஆகிவிடும். பின்சக்கரங்கள் தரையில் தமக்கிருக்கும் பிடியைப் பயன்படுத்தாமலே உருளும்.

புதுப் பேடுகளைப் பழக்க, அதே தாராபுரம் சாலையில் அறுபதிலிருந்து பதினைந்துக்கு, முழுதாக நிறுத்தாமல், பத்து முறை வேகம் குறைத்துவிட்டுப் பிரேக் தொடாமல் ஆறவிட்டேன். ரோலரில் இப்போது வலது 3.2, இடது 3.0. மூன்று வாரத்துக்குப் பின் இரண்டு வெள்ளைத் துணிகளால் இரு முன்சக்கரங்களையும் துடைத்து முற்றத்தில் விரித்தேன். எது எந்தப் பக்கத்துத் துணி என்று என் மனைவியால் சொல்ல முடியவில்லை, என்னாலும் முடியவில்லை. முதல் சோதனையில் பின்வலது சக்கரம் பின்னிடதைவிட எட்டு டிகிரி சூடாக இருந்தது மட்டும் மிச்சம் நிற்கிறது. கைப்பிரேக் கேபிள் முழுதாக விடுவதில்லை என்று சந்தேகிக்கிறேன். வரும் சனிக்கிழமை பின்சக்கரங்கள் இரண்டையுமே கழற்றச் சொல்லியிருக்கிறேன்.