கைப்பிடித் தண்ணீர்

நம் பள்ளி வாத்தியார் தராசு சார் போய்விட்டார் என்ற செய்தி ஜூன் கடைசியில் வந்தது. நம் குழுவில் ஒருவர் குரல்பதிவு போட்டிருந்தார். அவர் பேச்சுக்குப் பின்னால் தகரக் கூரையில் மழை விழும் சத்தம் கேட்டது. மும்பை தாராவியை விட்டு வந்து எத்தனை வருஷமானாலும் அந்தச் சத்தம் நமக்குத் தெரியாமல் போகாது. இரண்டு தடவை கேட்டேன். மூன்றாவது தடவை மழையை மட்டும்தான் கேட்டேன்.

பழைய மாணவர் சங்க மலருக்கு எழுதச் சொன்னபோது வேறு எதையும் எழுத மனம் வரவில்லை. 2005 மும்பை வெள்ளத்துக்கு 2025 ஜூலையோடு 20 வருஷம். சாரை அந்த வெள்ளத்தோடு சேர்த்துத்தான் நினைக்க முடிகிறது. அதற்கும் முன்னால் ஒரு வாளித் தண்ணீரோடு.

செவ்வாயும் வெள்ளியும் கடைசி பீரியட் வேதபாடம். மற்றவர்கள் நன்னெறிக்கு மாடி ஏற, கிறிஸ்தவப் பிள்ளைகள் நாங்கள் லேபுக்குப் போவோம். அறை போதாததால் லேபில் நடந்த வகுப்பு அது. இன்றைக்கும் பைபிளில் ஏசாயாவைத் திறந்தால் எனக்கு ஸ்பிரிட் விளக்கின் வாசனை வருகிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் அந்தத் தராசை சார் தவிர யாரும் தொட்டதில்லை. அதைத் துடைத்துவிட்டுத்தான் ஜெபம் ஆரம்பிப்பார்.

1982-ல் நான் ஒன்பதாவது. அந்த வருஷம் ஜனவரி 18-ம் தேதி மும்பைத் துணி மில் வேலைநிறுத்தம் தொடங்கியது. தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்த் தலைமையில் ஏறக்குறைய இரண்டரை லட்சம் பேர் வேலையை விட்டு வெளியே வந்தார்கள். அப்பா பரேலில் ஒரு மில்லில் நெசவுப் பிரிவில் இருந்தார். ஒரு மாதத்தில் முடிந்துவிடும் என்றார். பிறகு ஈஸ்டருக்குள் என்றார். ஜூனில் பள்ளி திறந்தபோது எதுவும் சொல்வதை நிறுத்திவிட்டார். காலையில் குளித்து, சட்டை மாட்டி, மில் கேட்வரை போய்ப் பார்த்துவிட்டு வருவார். சட்டை மட்டும் தினமும் இஸ்திரி போட்டதாக இருக்கும்.

ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை, காலைக் கூட்டத்தில் என் பெயர் வாசிக்கப்பட்டது. கொடிக்கம்பத்துக்கு இடப்பக்கம் போய் நின்றேன். அங்கே நின்றவர்களுக்குத் தெரியும், நான் விவரிக்க வேண்டாம். அன்று மில்காரர் பிள்ளைகள்தான் அதிகம். என் தங்கை ஆறாம் வகுப்பு வரிசையிலிருந்து என்னைப் பார்த்தாள். ஆறு மாதப் பீஸ் பாக்கி என்பதை எல்லாரும் கேட்டதைவிட அவள் பார்த்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

அன்றைக்குக் கடைசி பீரியடில் ஏசாயா 40. "தண்ணீர்களைத் தமது கைப்பிடியால் அளந்து, வானங்களை ஜாணளவாய்ப் பிரமாணித்து, பூமியின் மண்ணை மரக்காலில் அடக்கி..." என்னைத்தான் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். மலைகளைத் தராசால் நிறுத்தவர் யார் என்ற இடத்துக்கு வந்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன்.

"சார், மலையைத் தூக்கி நிறுக்கிறவருக்கு ஒரு மில் கேட்டைத் திறக்க முடியாதா?"

யாரும் சிரிக்கவில்லை. எங்களில் பாதிப் பேர் வீட்டில் அதே கேள்விதான். சார் கொஞ்ச நேரம் கையிலிருந்த துணியை மடித்துக்கொண்டிருந்தார். அப்புறம், "ஏலே, இங்க வா" என்றார்.

குழாயடியில் வாளி நிறையத் தண்ணீர் இருந்தது. ஒரு கையைக் குழித்து அள்ளச் சொன்னார். அள்ளியதை அளவுச் சாடியில் ஊற்றச் சொன்னார். விரலிடுக்கில் ஒழுகியதுபோக 20 மில்லி. கோட்டுக்கு நேராகக் கண்ணை வைத்துப் படிக்கச் சொல்லி, "இருபதா? சரியாப் பாரு" என்று இரண்டு தரம் கேட்டார். வாளி 15 லிட்டர், அப்படியானால் எத்தனை கைப்பிடி? 750 என்றேன். "மாஹிம் கழிமுகம்?" என்றார். நான் பேசவில்லை.

"நீ கேட்டது தப்பில்ல. வேதத்துல யோபு இதைவிடப் பெரிசாக் கேட்டான். அவனுக்கும் கர்த்தர் கடைசிவரைக்கும் காரணம் சொல்லல. நான் பூமிக்கு அஸ்திபாரம் போடும்போது நீ எங்கலே இருந்தேன்னு திருப்பிக் கேட்டாரு, அவ்வளவுதான். உன் கை 20 மில்லி. என் கை கொஞ்சம் கூட இருக்கும். இந்தக் கையை வச்சு அவரு கணக்கை நம்மால சரிபார்க்க முடியாது. ஆனா அளக்கிறவர் கையிலதான் இருக்கோம். அதை மட்டும் விட்டுராத."

எனக்கு அன்று அது போதவில்லை. கோபமாகவே வீட்டுக்குப் போனேன். பல வருஷம் கழித்துத்தான் ஒரு விஷயம் தெரிந்தது. சாருடைய அண்ணனும் மில்தான். அந்த வருஷம் முழுக்க அண்ணன் குடும்பமும் சார் குடும்பமும் ஒரே அறையில், ஒரே சம்பளத்தில் இருந்திருக்கிறார்கள். என் கேள்வியை அவர் வீட்டில் தினமும் கேட்டுவிட்டுத்தான் லேபுக்கு வந்திருக்கிறார். அதை எங்களிடம் ஒரு நாளும் சொன்னதில்லை.

அப்பாவின் மில் கேட் அவருக்குத் திறக்கவே இல்லை. அம்மா விடியற்காலையில் இட்லி அவிக்க, அப்பா சைக்கிளில் வைத்து சயானிலும் மாட்டுங்காவிலும் விற்றார். அதில்தான் நானும் தங்கையும் படித்தோம். அந்த மில் மூடியதால்தான் நீ வளைகுடாவுக்கு வந்து நல்லா இருக்கே, அதுதான் தேவ திட்டம் என்று சபையில் சிலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் என்னால் அப்படிச் சாட்சி சொல்ல முடியாது. அப்பா 57 வயதில் இறந்தார். இப்போது எனக்கு அதே வயது. ஏன் என்று எனக்குத் தெரியாது. தெரியாமலேயே கர்த்தரை நம்புகிறேன். "உன் சுயபுத்தியின்மேல் சாயாமல்" என்று நீதிமொழிகளில் படிக்கும்போதெல்லாம் அந்த 20 மில்லி என் கண்முன் நிற்கும்.

2005 ஜூலை 26. சாந்தாகுருஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர். ஒரு முழு ஜூலை மாதத்து மழைக்கும் மேல். கடல் ஏற்றமாக இருந்ததால் வடிய வழியில்லாமல் மித்தி ஆறு கரை தாண்டியது. நகரத்தில் மட்டும் 400 பேருக்கு மேல் இறந்தார்கள். இங்கிருந்து நான்கு நாள் போன் போட்டுப் போட்டு ஐந்தாம் நாள்தான் சார் கிடைத்தார். தொண்ணூறடி ரோட்டுக்கு உள்ளே அவர் வீட்டில் இடுப்பளவு தண்ணீர். வேதப்புத்தகத்தைக் கொடியில் போட்டிருப்பதாகச் சொன்னார். மற்றதெல்லாம் பிரிகிறது, ஏசாயா மட்டும் ஒட்டிக்கொண்டு கட்டியாகிவிட்டது.

"பிரிச்சா கிழியும். பரவால்ல, அது மனப்பாடம்தான்."

நான் கேட்கக் கூடாததைக் கேட்டேன். இதையும் அவர்தான் அளந்தாரா சார்?

நீண்ட நேரம் சத்தமில்லை. லைன் போய்விட்டது என்றே நினைத்தேன். அப்புறம் சொன்னார்: "இதே மும்பையில, கொலாபாவில 75 மில்லிமீட்டரைக்கூடத் தொடல. இங்க 944. ஏன்னு எனக்குத் தெரியாது. ஆனா மித்தியை நெருக்கினது நாம. அதுல குப்பையைக் கொட்டி, அலையாத்தியை வெட்டி, மேல கட்டடம் கட்டினது நாம. அதைக் கொண்டுபோய் அவரு கணக்குல எழுதிராத." பிறகு வாத்தியார் குரலுக்கு வந்துவிட்டார். "ஒரு சதுர மீட்டருக்கு 944 லிட்டர். உன் கைப்பிடிக்கு எவ்வளவு ஆகுது, போடு பாப்போம்."

போட்டேன். 47,200.

"ம்" என்றார். 23 வருஷத்துக்குப் பிறகும் என் கைப்பிடி அளவை ஞாபகம் வைத்திருந்தார்.

நான் இங்கே கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் தண்ணீர்ப் பரிசோதனையில் இருக்கிறேன் என்று பலருக்குத் தெரியும். லிட்டருக்கு 40 கிராமுக்கு மேல் உப்புள்ள கடல். பாபிலோனைத் தொட்டு ஓடிய ஐபிராத்து, அதாவது யூப்ரடீஸ் ஆறு, கடைசியில் வந்து கலப்பது இந்த வளைகுடாவில்தான். ஏசாயா 40 பேசுவது அந்தப் பாபிலோனுக்குச் சிறையாகப் போன ஜனங்களைப் பார்த்து, ஊர் திரும்ப வழி தெரியாமல் என் வழி கர்த்தருக்கு மறைவாயிற்று என்று சொன்னவர்களைப் பார்த்து. நம்மை யாரும் சிறைபிடித்து வரவில்லை, நாமாகத்தான் கிளம்பி வந்தோம். ஆனாலும் கரையில் நின்று சாம்பிள் எடுக்கும்போது அந்த அதிகாரம் எனக்கு எழுதப்பட்டதுபோல் இருக்கும்.

2019 விடுமுறையில் சயான்வரை போனேன். தங்கை மகள் கல்யாண வேலை. சார் வீட்டுக்கு நடந்தால் இருபது நிமிஷம். நாளைக்குப் போகலாம் என்று இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் விமானம். பிறகு கொரோனா வந்தது. பிறகு அவருக்குக் காது கேட்கவில்லை, போனில் பேச முடியாமல் போனது. நான் வந்திருந்தேன் என்பதுகூட அவருக்குத் தெரியாது.

செய்தி வந்த அன்று எனக்கு இரவு ஷிஃப்ட். சாம்பிள் எல்லாம் முடிந்தபின் லேபில் தனியாக இருந்தேன். வலது கையைக் குழித்துக் குழாயடியில் பிடித்து, சாடியில் ஊற்றி, கோட்டுக்கு நேராகக் கண்ணை வைத்துப் பார்த்தேன். இரண்டு தரம் பார்த்தேன்.

28 மில்லி இருந்தது. சாரிடம் சொல்லியிருக்கலாம்.