ஒரே டயப்பர், மூன்று ரிப்போர்ட்

வடசென்னையில் ஒரு ஆய்வகத்தில் டெக்னீஷியனாக இருக்கிறேன். பச்சிளங்குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்கு ரோட்டா வைரஸ் காரணமா என்று பார்க்க எந்தச் சோதனை சரிப்படும் என ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை ஒருமுறை என்னிடம் வந்தது. ஒவ்வொரு சாம்பிளையும் கார்டு, எலைசா, வைரஸின் மரபுப்பொருளைத் தேடும் ஆர்டி-பிசிஆர் மூன்றிலும் போட வேண்டும்.

சாம்பிள் எடுப்பதே பெரும்பாடு. தண்ணீராகப் போவதை டயப்பர் உடனே உறிஞ்சிவிடும். சுரண்டினால் ஜெல்லும் பஞ்சும்தான் வரும். வார்டில் இருந்த மூத்த சிஸ்டர்தான் வழி சொன்னார். டயப்பரை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிக் கட்டினால் பிளாஸ்டிக் மேல் மலம் அப்படியே நிற்கும். அரை ஸ்பூன் கிடைத்தால் மூன்று சோதனைக்கும் தாராளம்.

கார்டு சுலபம். கரைசலில் கலந்து சில சொட்டு விட்டால் கொஞ்ச நேரத்தில் கோடு வரும். ஆனால் கிட்டில் சொன்ன நேரத்துக்குள் பார்த்துவிட வேண்டும். வேறு வேலைக்குப் போய்விட்டு வந்து பார்த்தால், இல்லாத கோடு மங்கலாக இருப்பதுபோல் தெரியும். எலைசாவும் கார்டைப் போல வைரஸின் புரதத்தைத்தான் தேடுகிறது. ஆனால் கண்ணை நம்ப வேண்டாம், மஞ்சள் நிறத்தின் அடர்த்தியை மெஷின் படித்துச் சொல்லும். தட்டில் 96 குழிகள். ஒரே ஒரு குழந்தைக்காகப் போட்டால் கட்டுப்படியாகாது, நாலைந்து சாம்பிள் சேரும்வரை காத்திருக்க வேண்டும். கழுவுவது சரியில்லாவிட்டால் நெகட்டிவ் குழியும் மஞ்சளாகிவிடும். ஒருநாள் அப்படி ஆகி, முழுத் தட்டையும் மறுபடி போட்டேன்.

எங்கள் மேடம் படித்த காலத்தில் வைரஸின் மரபுப்பொருளான ஆர்என்ஏவை ஜெல்லில் ஓட்டிப் பார்ப்பார்களாம். ரோட்டாவின் மரபுப்பொருள் 11 துண்டுகள். வெள்ளிச் சாயம் ஏற்றினால் நான்கு, இரண்டு, மூன்று, இரண்டு என்று கோடுகள் கூட்டம் கூட்டமாக நிற்கும். அவர் வைத்திருந்த பழைய போட்டோவைக் காட்டினார். வைரஸின் கைரேகையைப் பார்ப்பதுபோல இருந்தது.

பிசிஆர்தான் கடைசித் தீர்ப்பு சொல்லும் என்று நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கை ஒரு பாட்டியால் உடைந்தது.

காசிமேட்டிலிருந்து வந்திருந்தார். பேரனுக்கு ஒன்பது நாள். கார்டில் மங்கலான கோடு, எலைசா நெகட்டிவ், பிசிஆர் பாசிட்டிவ். கையில் பேப்பர்களோடு ஜன்னலருகில் நின்று, "இன்னாம்மா இது, ஒண்ணுல இருக்குதுன்ற, ஒண்ணுல இல்லன்ற. கொழந்தைக்கு இன்னாதான்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

டாக்டரிடம் ஓடினேன். அவர் ரிப்போர்ட்டைப் பார்க்கவே இல்லை. முதலில் குழந்தையைப் பார்த்தார். வயிறு மெத்தென்று இருந்தது, தாய்ப்பால் நன்றாகக் குடித்தது, சிறுநீரும் சரியாகப் போனது. தாய்ப்பால் குடிக்கும் குழந்தை ஒவ்வொரு முறை குடித்ததும் மஞ்சளாக இளகிப் போவது இயல்புதான் என்றார். அப்புறம்தான் பிசிஆரின் சிடி எண்ணை, அதாவது மரபுப்பொருளைப் பெருக்கும் எத்தனையாவது சுற்றில் வைரஸ் தென்பட்டது என்பதைக் கேட்டார். ரொம்பப் பின்னால் வந்திருந்தது. அதாவது வைரஸ் மிகக் கொஞ்சம். நோயே இல்லாத பிள்ளையின் குடலிலும் அந்த அளவு இருக்கலாம்.

அன்று இரவு தேடிப் படித்தேன். டெல்லியில் நோய் அறிகுறி இல்லாத பச்சிளங்குழந்தைகளிடம் கிடைத்த 116இ என்ற ரோட்டா வைரஸிலிருந்துதான் ரோட்டாவேக் தடுப்பு மருந்தே உருவானது. வேலூரில் பச்சிளங்குழந்தைகளிடம் பரவிய வகை, சிலருக்கு நோயைத் தந்தது, சிலருக்கு ஒன்றும் செய்யவில்லை. பாசிட்டிவ் என்றால் நோய் என்று இத்தனை நாள் நினைத்திருந்தது எனக்கே வருத்தமாக இருந்தது.

இன்னொரு குழந்தை, குறைமாதம். வயிறு உப்பியிருந்தது, பால் தங்கவில்லை. மூன்று சோதனையும் பாசிட்டிவ், சிடி எண்ணும் சீக்கிரமே வந்தது. உடனே தனியாக மாற்றினார்கள், தொடுகிற எல்லாருக்கும் கை கழுவுவதைக் கட்டாயமாக்கினார்கள்.

ஒப்பீடு முடிந்தபோது எலைசாவை வழக்கமான சோதனையாகவும், இரவில் அவசரத்துக்குக் கார்டையும் வைத்துக்கொள்ளலாம் என்று எழுதிக் கொடுத்தேன். பிசிஆரை டாக்டர் கேட்டால் மட்டும் போடலாம், சிடி எண்ணும் ரிப்போர்ட்டில் வர வேண்டும் என்றேன். சரி என்று ஒப்புக்கொண்டார்கள். இப்போது பாசிட்டிவ் என்று டைப் செய்யும் முன் வார்டுக்கு ஒரு போன் போடுகிறேன்: "சிஸ்டர், வயிறு உப்பியிருக்கா? பால் குடிக்குதா?"