தென்கடலுக்கு ஒரு சொல், வடகடலுக்கு ஒரு சொல்

மண்டபத்துக்கு இரண்டு பக்கமும் கடல். தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் விரிகுடா. நாங்கள் தென்கடல், வடகடல் என்றுதான் சொல்வோம். இரு பக்கத்து உப்புக்காற்றும் வந்து சேரும் வீட்டில் எந்த உலோகமும் நிலைப்பதில்லை. பங்குனி மாதக் கடைசியில் என் பழைய லேப்டாப்பின் டச்பேட் அசைய மறுத்துவிட்டது. ராமநாதபுரத்தில் பழுது பார்ப்பவர் அதைத் திறந்து காட்டினார். உள்ளே பச்சை பூத்திருந்தது.

ஒரு மவுஸ் வாங்கியிருந்தால் போதும். ஆனால் வாங்கப் போவதற்குள் ஒரு வாரம் விசைப்பலகையை மட்டும் வைத்து வேலை செய்துவிட்டேன், பிறகு திரும்ப மனம் வரவில்லை. படகு உரிமையாளர்கள் சிலருக்கு மீன் வரத்துக் கணக்கை ஒழுங்குபடுத்தி இணையப் பக்கமாக ஆக்கிக் கொடுப்பது என் தொழில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், எனக்கும் கணக்கு குறைவு. அந்த நாட்களில்தான் என் லேப்டாப்பின் இயங்குதளமான லினக்ஸின் கட்டளை வரியை, அதாவது கட்டளைகளை எழுத்தாக அடித்து வேலை வாங்கும் முறையை, ஒழுங்காகக் கற்றேன்.

முதல் தடை நானே வைத்த பெயர்கள். 'வரத்துக் கணக்கு' என்று தமிழில், நடுவில் இடைவெளியுடன், கோப்புறைகளுக்குப் பெயர் வைத்திருந்தேன். ஒவ்வொரு முறை உள்ளே போகவும் விசைப்பலகையைத் தமிழுக்கு மாற்ற வேண்டும், பெயரை மேற்கோள் குறிக்குள் இட வேண்டும். ஆங்கிலத்துக்கு மாற்றிவிடு என்றார்கள் நண்பர்கள். எனக்குச் சம்மதமில்லை. என் கணக்கு என் மொழியில்தான் இருக்க வேண்டும்.

வழி கொடுத்தது ஏலியாஸ், நீண்ட கட்டளைக்கு நாமே சுருக்கப் பெயர் வைக்கும் வசதி. ஒரு குறும்பெயர், ஒரு சமக்குறி, பிறகு ஒற்றை மேற்கோளுக்குள் முழுக் கட்டளை. சமக்குறியின் இரு பக்கமும் இடைவெளி விடக் கூடாது என்பதைக் கண்டுபிடிக்கவே எனக்கு அரை நாள் போயிற்று. இந்த வரிகளை வீட்டு அடைவில், அதாவது பயனரின் சொந்தக் கோப்புறையில், புள்ளியோடு தொடங்கும் பாஷ்ஆர்சி கோப்பில் எழுதினால், கட்டளை அடிக்கும் சாளரமான முனையத்தைத் திறக்கும்போதெல்லாம் அவை தயாராக இருக்கும். ஏற்கெனவே திறந்திருக்கும் முனையம் புதுப் பெயரை அறிய, சோர்ஸ் கட்டளையால் அந்தக் கோப்பை மறுபடி படிக்க வைக்க வேண்டும். இப்போது டிகே என்றால் தென்கடல் கணக்கு, விகே என்றால் வடகடல் கணக்கு.

இரண்டுக்கும் இடையே போய் வர இன்னும் எளிய வழி உண்டு. அடைவு மாற்றும் கட்டளையான சிடியை அடித்து, இடைவெளி விட்டு, ஒரு சிறு கோடு போட்டால் கடைசியாக இருந்த அடைவுக்குத் திரும்பலாம். மறுபடி அதையே அடித்தால் பழைய இடம். நான் கற்றதில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் இதைத்தான் வைத்துக்கொள்வேன். எப்போதோ எழுதிய நீண்ட கட்டளையைத் தேட கண்ட்ரோலும் ஆரும் சேர்த்து அழுத்தினால் போதும்.

இனி வருவது என்னை அழவைத்த பகுதி. மீன் விலைப் பட்டியல் இரண்டு கடலுக்கும் பொது. அதை 'பொது' என்ற அடைவுக்குள் 'விலை' என்ற உள் அடைவாக வைத்து, எல்என் கட்டளையோடு எஸ் என்ற விருப்பத்தைச் சேர்த்து, தென்கடலிலும் வடகடலிலும் அதற்குக் குறியீட்டு இணைப்பு, அதாவது அசலைச் சுட்டும் குறுக்குவழி, போட்டிருந்தேன். ஒருநாள் வடகடல் வழியாக விலைக்குள் நுழைந்து, அங்கே உருவாக்கிய 'மொத்தம்' என்ற கோப்பை, இடம் மாற்றும் எம்வி கட்டளையால் மேலே, அதாவது மேல் அடைவைக் குறிக்கும் இரண்டு புள்ளிக்கு, அனுப்பினேன். பிறகு சிடி இரண்டு புள்ளி என்று மேலே வந்து பார்த்தால் வடகடலில் கோப்பு இல்லை.

கோப்பு 'பொது'வுக்குப் போயிருந்தது. அங்கே அதே பெயரில் இருந்த ஆண்டு மொத்தத்தை அழித்துவிட்டு உட்கார்ந்திருந்தது. முந்தின நாள் பென்டிரைவில் எடுத்த நகல் இல்லாவிட்டால் ஓராண்டுக் கூட்டலை மறுபடி செய்திருக்க வேண்டும்.

காரணம் புரிய இரண்டு இரவு ஆயிற்று. நாம் எந்த வழியாக உள்ளே வந்தோம் என்பதை, கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரலான ஷெல் நினைவில் வைத்திருக்கிறது. அதனால் சிடி இரண்டு புள்ளி என்றால் வந்த வழியே வடகடலுக்குத் திரும்புகிறது. எம்வி, நகலெடுக்கும் சிபி, பட்டியலிடும் எல்எஸ் போன்றவற்றுக்கு அந்த நினைவு கிடையாது. அவற்றுக்கு இரண்டு புள்ளி என்றால் உண்மையான தாய் அடைவு, அதாவது 'பொது'. ஒரே குறி, இரண்டு பொருள். பிடபிள்யூடி கட்டளையோடு பெரிய எழுத்து பி விருப்பத்தைச் சேர்த்தால் உண்மையில் எங்கே நிற்கிறோம் என்று காட்டும். சிடியோடு அதே விருப்பத்தைச் சேர்த்தால் இணைப்பின் பெயரை விட்டுவிட்டு உண்மையான பாதைக்கே கொண்டுபோகும். அன்றே எம்விக்கும் ஓர் ஏலியாஸ் எழுதினேன், மேலெழுதும் முன் என்னைக் கேட்கும்படி.

இணைய முகவரிகளுக்கு வேறு ஏற்பாடு. ஓர் உரைக் கோப்பில் வரிக்கு ஒரு குறும்பெயரும் ஒரு முகவரியும். கொடுத்த பெயரைத் தேடி, கிடைத்த முகவரியை, உலாவியில் திறக்கும் எக்ஸ்டிஜி-ஓப்பன் கட்டளைக்குத் தரும் சிறு செயற்கூறு ஒன்றை எழுதினேன். 'அலை' என்றால் ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனத்தின் கடல்நிலை முன்னறிவிப்பு திறக்கிறது. தடைக்காலம் முடிந்த இரவில் அப்பா பக்கத்தில் நின்றுகொண்டு, காற்று எப்படி என்று நான்கு முறை கேட்டார். நான்கு முறையும் ஒரே சொல்லை அடித்தேன்.

தொண்டியில் இருக்கும் சித்தப்பா மகளும் இதே போன்ற கணக்கு எழுதுகிறாள். என் பாஷ்ஆர்சி கோப்பை அனுப்பினேன். 'அக்கா, ஒன்றுகூட வேலை செய்யவில்லை' என்று உடனே பதில். இடைவெளியுள்ள பெயருக்காகப் பாதையை மேற்கோளுக்குள் வைத்தபோது, வீட்டு அடைவைக் குறிக்கும் அலைக்குறி (~) அதன் முழுப் பாதையாக விரியவில்லை. அதனால் அன்றைக்கு என் பயனர் பெயரோடு முழுப் பாதையையே எழுதியிருந்தேன். அவள் கணினியில் அந்தப் பெயர் ஏது? ஒவ்வொரு வரியிலும் அதை எடுத்துவிட்டு, டாலர் குறியோடு, அவரவர் வீட்டு அடைவின் பாதையைத் தரும் ஹோம் என்ற மாறியை இரட்டை மேற்கோளுக்குள் வைத்தேன், அது விரியும். மறுபடி அனுப்பினேன். அன்று மாலையே அவள் டிகேயை நீக்கிவிட்டுத் தன் இறங்குதளத்துக்கு வேறு பெயர் வைத்துவிட்டாள். தொண்டியில் தென்கடல் கிடையாது.