பெயின்ட் அடிக்கும் முன் தண்ணீர் விட்டுப் பாருங்கள்

எங்கள் பூங்காவில் பாழாய்க் கிடந்த டென்னிஸ் கோர்ட்டைச் சரிசெய்யக் கேட்டு முதலில் கொடுத்த மனுவில் ஒரே வரிதான்: பெயின்ட் அடித்துக் கோடு போட்டுத் தாருங்கள். பதில் வரவில்லை. வராததும் நல்லதாகப் போயிற்று. அன்று அடித்திருந்தால் அடுத்த மழைக்கே உரிந்திருக்கும்.

அதைப் புரியவைத்தவர் தளம் போடும் வேலை தெரிந்த ஒரு பெரியவர். "தண்ணி எங்க நிக்குதுன்னு பாத்தீங்களா?" என்று கேட்டார்.

வெயில் நாளாகப் பார்த்து கோர்ட் முழுக்க ஹோஸ் பிடித்து நனைத்தோம். ஒரு மணி நேரத்தில் மற்ற இடமெல்லாம் காய்ந்து வெளுத்துவிட, ஏழு இடங்களில் மட்டும் தண்ணீர் பளபளவென்று நின்றது. ஒவ்வொன்றிலும் ஒரு நாணயத்தைப் போட்டோம். நாணயம் முழுகினால் அது நிரப்ப வேண்டிய பள்ளம். முழுகியவற்றைச் சுற்றி சாக்பீஸால் வட்டம் போட்டு, நெட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று அளந்து தாளில் வரைந்தோம். அந்தப் படத்தை இணைத்துக் கொடுத்த இரண்டாவது மனுவுக்குத்தான் அதிகாரி நேரில் வந்தார். நீங்களும் கேட்கப் போவதாக இருந்தால் படத்தோடு போங்கள்.

எங்களுடையதைப் போன்ற கெட்டித் தளத்துக்கு, அதாவது ஹார்டு கோர்ட்டுக்கு, வாட்டம் (தண்ணீர் வடியும் சரிவு) நூற்றுக்கு ஒன்று, அதாவது மீட்டருக்கு 1 செ.மீ. முழுத் தளமும் ஒரே பக்கமாகச் சாய வேண்டும். எங்கள் தளத்தின் வாட்டத்தில் குறையில்லை. தாழ்ந்த ஓரத்தில் பல வருட இலைக்குப்பையும் மண்ணும் மேடு கட்டித் தண்ணீரை மறித்திருந்தன. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் மண்வெட்டி பிடித்தோம். அப்புறம் நனைத்துப் பார்த்தால் ஏழில் மூன்று குட்டைகளைக் காணோம்!

பேஸ்லைன், அதாவது கோர்ட்டின் கடைசிக் கோட்டுப் பக்கத்து விரிசலுக்குக் காரணம் வேலியோர மரத்தின் வேர். மரத்தையே வெட்டலாம் என்றார்கள் சிலர். எனக்கு மனம் வரவில்லை. சாயங்கால நிழல் முழுக்க அதுதான் தருகிறது. கடைசியில் தளத்துக்குள் நுழைந்த வேரை மட்டும் அறுத்து, ஓரத்தில் தடுப்புத் தகடு இறக்கினார்கள்.

விரிசல் அடைத்து, பள்ளம் நிரப்பி, மணல் கலந்த அக்ரிலிக் பூச்சு. ஈரத்தில் அது ஒட்டாது என்பதால் மழைக்காக இரண்டு முறை வேலை நின்றது. கோடு போடும்போது நானும் நூல் பிடித்தேன். நீளம் 23.77 மீட்டர், இரட்டையர் அகலம் 10.97. மூலைக்கு மூலை அளந்தால் இரண்டு பக்கமும் 26.18 வர வேண்டும். முதல் தடவை 4 செ.மீ. இடித்தது. நூலைப் பிரித்து மறுபடி கட்டினோம்.

முதல் மழை விட்டதும் ஓடிப்போய்ப் பார்த்தேன். சர்வீஸ் லைன் பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். நாணயம் போட்டேன், முழுகவில்லை.