இரண்டு விமானங்களுக்கு நடுவே நல்லூர்

தங்கச்சிக்கு ஆவணியில் பிள்ளை பிறக்க இருந்தது. அவள் மெல்பேர்ணில், அம்மாவும் நானும் ரொறன்ரோவில். பிள்ளை பிறந்துவிட்டால் 31 நாள் துடக்கு. கோயில் வாசலை மிதிக்க முடியாது. "அதுக்கு முதல் என்னை ஒருக்கா நல்லூரானிட்டக் கொண்டுபோய் விடு தம்பி" என்று அம்மா சொன்னார். நல்லூரான் என்றால் யாழ்ப்பாணத்து நல்லூர்க் கந்தன். அப்பா தவறி இரண்டு வருடமாகியும் யாழ்ப்பாணத்துக் கீரிமலைக் கடற்கரையில் அவருக்கு ஒரு பிடி எள்ளும் தண்ணீரும் இறைக்கவில்லையே என்ற கவலை எனக்கும் இருந்தது. ஆகவே பசிபிக் கடல் தாண்டிப் போகாமல், கிழக்கு வழியாகச் சுற்றி, நடுவில் இலங்கையில் ஒரு கிழமை நின்று போவதென்று முடிவெடுத்தோம்.

நாட்களைப் பஞ்சாங்கம்தான் தீர்மானித்தது. 2025இல் ஆடி அமாவாசை ஜூலை 24, வியாழக்கிழமை. அன்று கீரிமலையில் நிற்க வேண்டும். நல்லூர்க் கொடியேற்றம் அமாவாசையிலிருந்து ஆறாம் நாள், ஜூலை 29. தங்கச்சிக்குப் பிள்ளை முந்தியும் பிறக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்ததால் 29ஆம் திகதி நாங்கள் மெல்பேர்ணில் இறங்கியே ஆக வேண்டும். 28 நள்ளிரவு விமானம். கொடியேற்றம் ஒரே ஒரு நாளால் தப்பிப் போனது. அதைச் சொன்னபோது அம்மா ஒன்றும் பேசவில்லை. சாமி அறைக்குப் போய் விளக்கேற்றினார்.

டிக்கெட் எடுக்கும்போது தெரிந்துகொண்டதை இங்கே சொல்லிவிடுகிறேன், எங்களைப் போல வயதான பெற்றோருடன் போகிறவர்களுக்கு உதவும். வெளிநாட்டுப் பயணத்தில் வழியில் 24 மணித்தியாலத்துக்கு மேல் நின்றால்தான் அதை ஸ்டாப்ஓவர் என்று கணக்கெடுப்பார்கள். அதற்குக் குறைந்தால் அது விமானம் மாறுகிற நேரம் மட்டும்தான். ரொறன்ரோவிலிருந்து கொழும்புக்கு ஒன்று, கொழும்பிலிருந்து மெல்பேர்ணுக்கு ஒன்று என்று தனித்தனியாக வாங்காமல், மல்டி சிட்டி என்று போட்டு எல்லாவற்றையும் ஒரே பதிவில் எடுத்தேன். விலை கொஞ்சம் கூடத்தான். ஆனால் ஒரே பதிவில் இருந்தால் ஒரு விமானம் பிந்தி அடுத்ததைத் தவறவிட்டாலும் நம்மைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. தனித்தனி டிக்கெட் என்றால் அந்த நட்டம் நம் தலையில். இன்னொன்று, நடுவில் ஒரு துண்டைப் பறக்காமல் விட்டால் அதற்குப் பிறகுள்ளவை எல்லாம் இரத்தாகிவிடும். இலங்கைக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் நுழைவு அனுமதியை வீட்டிலிருந்தே எடுத்துக்கொண்டோம்.

அப்புறம் நான் போட்ட திட்டம். 21ஆம் திகதி கட்டுநாயக்காவில் இறங்கி, நேரே சிலாபம் போய் முன்னேஸ்வரம். அங்கிருந்து புத்தளம், அநுராதபுரம் வழியாக மன்னார். காலையில் பாலாவியில் நீராடித் திருக்கேதீச்சரம். பூநகரிப் பாதையால் சங்குப்பிட்டிப் பாலம் கடந்து யாழ்ப்பாணம். நயினாதீவு, கீரிமலை, நல்லூர், சந்நிதி. திரும்பும்போது திருகோணமலை. பஞ்ச ஈச்சரங்கள் என்று சொல்லும் இலங்கையின் ஐந்து பழைய சிவன் கோயில்களில் நான்கை ஏழு நாளில் தரிசித்துவிடலாம் என்று ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் கணக்கு எழுதினேன். அம்மா அந்தத் தாளை வாங்கிப் படித்துவிட்டு, "இதில எங்கை தம்பி கும்பிடுறதுக்கு நேரம்?" என்று கேட்டார். எனக்கு அப்போது பதில் தெரியவில்லை.

ரொறன்ரோவில் விமானம் ஐந்து மணித்தியாலம் பிந்தியது. வளைகுடாவில் மாற வேண்டிய விமானம் எங்களை விட்டுவிட்டுப் போயிருந்தது. ஹோட்டல் தந்தார்கள், அடுத்த நாள் விமானமும் தந்தார்கள். ஒரே பதிவில் எடுத்ததன் பலன் அன்று தெரிந்தது. ஆனால் ஒரு நாள் போய்விட்டது. கட்டுநாயக்காவில் 22ஆம் திகதி காலை இறங்கியபோது பெட்டியும் வந்திருக்கவில்லை. அம்மாவின் கோயில் சேலை, என் வேட்டி சால்வை எல்லாம் அதில்தான். அம்மாவின் மருந்தும் அப்பாவின் படமும் மட்டும் கைப்பையில் இருந்தன. இப்படிப் பயணம் போகிறவர்கள் ஒரு சோடி கோயில் உடுப்பைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

முன்னேஸ்வரமும் கேதீச்சரமும் இல்லை என்றாகிவிட்டது. சுந்தரர் பாடிய பாலாவிக் கரையை அம்மாவுக்குக் காட்ட எவ்வளவு ஆசைப்பட்டேன்! மனம் கனத்துத்தான் வான் வண்டியில் ஏறினேன். வான்காரர் நேர்ப்பாதையால் வவுனியா வந்து, ஏ9 வீதியில் முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிறுத்தினார். அந்த வழியால் போகிற எந்த வாகனமும் அவரைக் கும்பிடாமல் போகாது. சின்னக் கோயில், சுற்றிலும் கச்சான் கடைகள். அம்மா தேங்காய் உடைத்துவிட்டு, "முதல்ல பிள்ளையாரைக் கும்பிட்டுத்தானே துவங்க வேணும். நீதான் மாத்தி எழுதியிருந்தாய்" என்றார். ஆனையிறவு கடந்து யாழ்ப்பாணம் சேர இரவாகிவிட்டது. பெரியம்மா புட்டும் உருளைக்கிழங்குப் பிரட்டலும் வைத்துக்கொண்டு படலையில் நின்றார்.

அடுத்த நாள் காலையில் பட்டணத்தில் கடை திறக்கும்வரை நின்று வேட்டியும் ஒரு நூல் சேலையும் வாங்கிக்கொண்டு நயினாதீவுக்குப் புறப்பட்டோம். பண்ணைப் பாலத்தில் ஏறினால் இரண்டு பக்கமும் ஆழமில்லாத கடல். வேலணை, புங்குடுதீவு தாண்டிக் குறிகட்டுவான் இறங்குதுறை. அங்கிருந்து படகு. அம்மாவுக்குப் படகென்றால் பயம். இந்த முறை என் கையைப் பிடிக்கவில்லை, கோபுரம் தெரிகிறதா என்றே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மனுக்குப் பூக்கொண்டு கடலில் நீந்தி வந்த நாகத்தைக் கருடன் மறித்த கதையையும், பாம்பு சுற்றிய கல், கருடன் கல் என்று அந்தக் கடலில் இன்றும் காட்டப்படும் கல்லுகளையும் எனக்குச் சிறுவயதில் சொன்னவர் அப்பா. உச்சிப் பூசை கண்டு, அமுதசுரபி மடத்தில் பந்தியில் இருந்து சாப்பிட்டோம். மணிமேகலை வந்திறங்கிய மணிபல்லவம் இதுதான் என்று ஊரில் சொல்வார்கள். வந்தவர் எல்லாருக்கும் சோறு போடும் மடத்துக்கு அவள் கையிலிருந்த பாத்திரத்தின் பெயரை வைத்தவர்களை நினைத்துக் கும்பிட்டேன்.

இனி அமாவாசை.

அப்பா மாவிட்டபுரத்துக்குப் பக்கத்தில் பிறந்தவர். 1990இல் வலிகாமம் வடக்குச் சனம் எல்லாம் இடம்பெயர்ந்தபோது எங்கள் வீடும் வெறுமையானது. பிறகு அந்தப் பகுதி நீண்ட காலம் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்தது. தன் தகப்பனுக்கு அவர் கீரிமலையில் தர்ப்பணம் செய்தது அதற்கு முன்னர்தான். கனடாவில் ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் விரதம் இருப்பார். காத்தோட்டிக்காய் இல்லாமல் அமாவாசைச் சமையல் சரிவராது என்பார். அது அங்கே கிடைக்காது, பாகற்காயை வைத்துத்தான் அம்மா சமைப்பார். "கைச்சால் காணும்" என்று சொல்லிச் சாப்பிடுவார்.

24ஆம் திகதி விடிய நாலு மணிக்கே புறப்பட்டோம். அந்த நேரத்திலேயே கீரிமலை வீதி நிறைந்துவிட்டது. கடற்கரை நெடுகிலும் ஐயர்மார் பாய் விரித்து இருக்க, முன்னால் தகப்பனை இழந்த பிள்ளைகள். என்னைப் போல ஐம்பது வயதுக்காரர், மீசை முளைக்காத பொடியன், தோளில் பிள்ளையைத் தூக்கி வைத்திருந்த ஒரு தகப்பன். ஆடி அமாவாசை தகப்பனுக்கு, சித்திராப் பௌர்ணமி தாய்க்கு என்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஐயர் கோத்திரம் கேட்டார், பெயர் கேட்டார். அப்பாவின் பெயரைச் சொல்ல வாய் எழவில்லை. அம்மா பின்னாலிருந்து சொன்னார். கணவன் பெயரை அம்மா வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

எள்ளும் தண்ணீரும் இறைத்து, பிண்டத்தைக் கடலில் விட்டு மூழ்கினேன். பிறகு கேணி. கடலுக்கும் கேணிக்கும் நடுவில் ஒரு சுவர்தான். ஆனால் கேணியில் ஊறுவது நல்ல தண்ணீர். கீரிமுகம் நீங்கிய நகுல முனிவரின் கதையும், குதிரைமுகம் நீங்கிய மாருதப்புரவீகவல்லியின் கதையும் இந்த ஊற்றைப் பற்றியவைதான். இளவரசியின் குதிரைமுகம் போனதால் மா விட்ட புரம், மாவிட்டபுரம் ஆனது. கடலில் இருந்து ஏறி அந்தத் தண்ணீரில் இறங்கியபோது உடம்பில் இருந்த உப்பெல்லாம் கழன்றது. இரண்டு வருடமாக நெஞ்சில் அடைத்திருந்த ஏதோ ஒன்றும் அங்கேதான் இளகியது. கேணிக்குள் நின்றே அழுதேன். பக்கத்தில் நின்றவர் ஒருவர் தோளில் தட்டிவிட்டு மூழ்கினார்.

நகுலேஸ்வரரைத் தரிசித்து வெளியே வரும்போது தவில் சத்தம் கேட்டது. மாவிட்டபுரம் கந்தனுக்கும் அன்றுதான் தீர்த்தத் திருவிழா, சுவாமி தீர்த்தமாடக் கீரிமலைக்கு வருவார். இதை என் தாளில் நான் எழுதியிருக்கவே இல்லை. அப்பாவின் ஊர்க் கந்தன் அவருடைய அமாவாசையில் எங்களுக்கு எதிரே வந்தார். அம்மா அந்தக் கூட்டத்தில் கையெடுத்தபடி அப்படியே நின்றார். வீட்டில் பெரியம்மா காத்தோட்டிக்காய் பொரித்து வைத்திருந்தார். அப்பாவின் படத்துக்குப் படைத்து, காகத்துக்கு வைத்து, பிறகு நாங்கள் சாப்பிட்டோம். அவ்வளவு கைப்பு.

வெள்ளிக்கிழமை நல்லூர். ஆடி வெள்ளி வேறு. மேலுடுப்பைக் கழற்றி இடுப்பில் சால்வையைக் கட்டிக்கொண்டு உள்ளே போனேன். மூலஸ்தானத்தில் இருப்பது வேல். அதற்கு முன்னால் நின்றால் கேட்க வந்தது மறந்துபோகும், எனக்கு எப்போதும் அப்படித்தான். நல்லூரில் மணி அடிக்கிற நேரம் ஒரு நிமிடமும் பிசகாது. யாருக்காகவும் பூசை காத்திராது. அர்ச்சனைச் சீட்டு இன்றும் ஒரு ரூபாய்தான், கொழும்பிலிருந்து வந்தவருக்கும் கனடாவிலிருந்து வந்தவருக்கும் அதே ஒரு ரூபாய். அம்மா தங்கச்சியின் பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் ஒன்று எடுத்தார். பூசை முடிந்து வெளியே வந்தால், சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு தீட்டிய மதிலோரம் திருவிழாவுக்கு மணல் பரவிக்கொண்டிருந்தார்கள். அம்மா அந்தப் புதுமணலில் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டார்.

"நாளைக்குக் காலமை திருகோணமலைக்கு வெளிக்கிட வேணும் அம்மா" என்றேன்.

"கோணேசர் எங்கை போகப்போறார்? இஞ்சை இருப்பம் தம்பி."

கோணமாமலை மேல் நின்று சம்பந்தரின் பதிகத்தைப் பாட வேண்டும் என்பது என் பல வருட ஆசை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். பிறகு மணலில் நானும் உட்கார்ந்து, திருகோணமலை அறையை இரத்துச் செய்தேன். தாளில் அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

பெட்டியும் அன்றிரவு வந்து சேர்ந்தது. சனிக்கிழமை தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதி. அங்கே பூசகர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு மந்திரம் சொல்லாமல் பூசை செய்வார். மணி ஒலிக்கிறது, தீபம் ஏறுகிறது, ஒரு சொல் இல்லை. அன்னதானக் கந்தன் என்று பெயர் பெற்றவர், மடங்களில் யாரும் பசியோடு திரும்புவதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையும் மாலையும் நல்லூர். அவசரம் இல்லாமல், அடுத்த இடம் என்று ஒன்று இல்லாமல் நின்று கும்பிட்ட நாள் அது. அம்மா கேட்ட நேரம் அன்றுதான் கிடைத்தது.

28ஆம் திகதி காலை புறப்படுவதற்குப் பெட்டி கட்டினோம். அவுஸ்திரேலியாவுக்குள் பூ, பழம், விதை எதையும் சொல்லாமல் கொண்டுபோகக் கூடாது என்பதால் அர்ச்சனைத் தட்டிலிருந்த பூவையும் தேங்காயையும் பெரியம்மாவிடம் கொடுத்துவிட்டார் அம்மா. "கடைசியா ஒருக்கா வீதியைச் சுத்திக் கும்பிட்டிட்டுப் போவம்" என்றதால் வானை நல்லூரடிக்கு விட்டோம். பறை மேளம் கேட்டது. சனம் வீதியோரம் ஒதுங்கி நின்றது. சின்னத் தேர் ஒன்று வந்தது. அதில் கொடிச்சீலை. நாளைக்கு ஏற்றப்போகும் கொடிக்குச் செங்குந்த மரபினர் கொடுக்கும் சீலை, முதல் நாளே இப்படித்தான் கோயிலுக்கு வரும். அம்மா செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, கையைத் தலைக்கு மேலே குவித்து, "அரோகரா" என்று சத்தமாகச் சொன்னார். ஏற்றிய கொடியைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை என்று ரொறன்ரோவிலிருந்தே சுமந்து வந்தவர். அவருக்கு எதிரே அந்தச் சீலை வந்தது.

எட்டு மணித்தியால வான் ஓட்டம், முறிகண்டியில் ஒரு தேங்காய், பிறகு நள்ளிரவு விமானம். அம்மா முழுக்க நித்திரை. இறங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் எழும்பி, இலங்கை நேரத்திலேயே விட்டிருந்த கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"பத்தாகுது. கொடி ஏறுது தம்பி."

இருக்கையில் பட்டி கட்டியபடியே இருவரும் கையெடுத்தோம்.