சொட்டுநீர் மானியம்: மனு கொடுப்பதற்கு முன்னால் போன எட்டு மாதம்

அயோத்தியாப்பட்டணம் தாண்டி, குப்பனூர் பக்கம் சேர்வராயன் மலையடிவாரத்தில் எங்கள் நிலம். அப்பா இருந்தவரை ஐந்து ஏக்கருக்கும் வாய்க்கால் பாய்ச்சல்தான். ஒரு ஏக்கர் பாக்கு, மீதி மரவள்ளி. போர் இரண்டு மணி நேரம் ஓடினால் தண்ணீர் விட்டுவிட்டு வரும். நிறுத்தி, ஊற விட்டு, மறுபடி போட வேண்டும். மரவள்ளிக்கு மடை திருப்புவதற்குள் கரன்ட் போய்விடும். போன கோடைக்கு முந்தின கோடையில் பாக்கு மட்டை பழுக்க ஆரம்பித்ததும்தான் சொட்டுநீர் மானியம் கேட்டுத் தோட்டக்கலை அலுவலகத்துப் படியேறினேன்.

அங்கே இருந்த அலுவலர் பொறுமையாகச் சொன்னார். சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீத மானியம், மற்றவர்களுக்கு 75 சதவீதம். இரண்டரை ஏக்கர் வரை குறு விவசாயி, ஐந்து ஏக்கர் வரை சிறு விவசாயி. ஒரு தடவை வாங்கிய நிலத்துக்கு ஏழு வருஷம் கழித்துத்தான் மறுபடி கேட்க முடியும். எல்லாம் சொல்லிவிட்டு என் சிட்டாவைப் பார்த்தார். "ஏங்க, பட்டா இன்னும் உங்க அப்பா பேர்லயே இருக்குதுங்களே!"

அப்பா இறந்து ஆறு வருஷம். வரி கட்டுகிறோம், உழுகிறோம், பேர் மாற்ற வேண்டும் என்று தோன்றவே இல்லை. இந்த அனுபவத்தை எழுதுவதே இதற்காகத்தான். மானியத்துக்கு ஓடியதைவிடப் பட்டாவுக்கு ஓடியதுதான் அதிகம்.

இறப்புச் சான்று இருந்தது. வாரிசுச் சான்று இல்லை. அதை வாங்கி, அம்மா, அக்கா, நான், தம்பி நாலு பேரும் உட்கார்ந்து பேசிப் பாகப்பிரிவினை எழுதினோம். இந்தப் பேச்சை நினைத்துத்தான் பல வீடுகளில் பட்டாவைத் தொடாமல் வைத்திருக்கிறார்கள். எனக்கும் நெஞ்சு படபடத்தது. அக்காவிடம் எந்தப் பக்கம் வேண்டும் என்று கேட்டோம். "மேட்டுப் பக்கம் ஒரு ஏக்கர் போதும் தம்பி, அப்பா வச்ச மாமரம் அங்கதான இருக்குது" என்றாள். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். எனக்கும் தம்பிக்கும் இரண்டிரண்டு ஏக்கர். பாக்கு என் பாகத்தில் வந்தது.

பத்திரம் பதிந்த பிறகு உட்பிரிவுக்கு, அதாவது அவரவர் பாகத்தை அளந்து தனி எண் கொடுப்பதற்கு, விண்ணப்பம். சர்வேயர் வந்த அன்று கிழக்கு மூலைக் கல்லைக் காணோம். உண்ணிப் புதரை வெட்டி, கடப்பாரையால் குத்திக் குத்திப் பார்த்ததில் ஒன்றரை அடி மண்ணுக்குள் கிடைத்தது. புதுப் பட்டா கைக்கு வந்தபோது எட்டு மாதம் ஓடியிருந்தது. அதற்குள் நாற்பது பாக்கு மரம் போய்விட்டது.

அடுத்தது சிறு, குறு விவசாயி சான்று. இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டிப் பதிந்தால் மணியக்காரர் (கிராம நிர்வாக அலுவலர்), வருவாய் ஆய்வாளர் பார்த்துத் தாசில்தாருக்குப் போகும். என்னுடையது முதல் தடவை திரும்பி வந்தது. பட்டாவில் ஒரு இனிஷியல், ஆதாரில் இரண்டு. ஆதாரைத் திருத்திய பிறகுதான் சான்று வந்தது. உங்கள் பட்டா, ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக் நாலையும் இன்றைக்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேரை எழுத்துக்கூட்டிப் படித்துப் பாருங்கள்.

மண், தண்ணீர் பரிசோதனை சுலபம். வயலில் பத்துப் பதினைந்து இடத்தில் எடுத்த மண்ணைக் கலந்து, பங்கிட்டுப் பங்கிட்டு அரைக் கிலோவாக்கிக் கொடுக்க வேண்டும். தண்ணீரை, மோட்டார் பத்து நிமிஷம் ஓடிய பிறகு சுத்தமான பாட்டிலில் பிடிக்க வேண்டும். எங்கள் போர்த் தண்ணீரில் உப்பு அதிகம், வெந்நீர் அண்டாவில் வெள்ளையாகப் படியும். சொட்டுவானை, அதாவது மரத்தடியில் தண்ணீர் சொட்டும் முனையை, அடைப்பதும் அதே உப்புதான் என்று முடிவு வந்ததும் புரிந்தது.

இனி கம்பெனி. துறையின் பட்டியலில் பல இருக்கும், நாம்தான் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பக்கத்துத் தோட்டங்களில் யாருடைய ஆள் பழுது பார்க்க வருகிறார் என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். நான் கேட்கவில்லை, விளம்பர நோட்டீஸைப் பார்த்து எடுத்தேன். அவர்கள் நிலத்தை அளந்து வரைபடமும் விலைப்புள்ளியும் போட்டார்கள். பணி ஆணை வந்து, இரண்டே நாளில் பைப் பதித்து, "வேலை முடிஞ்சிருச்சு, கையெழுத்துப் போடுங்க" என்று நின்றார்கள்.

அலுவலர் முன்பே ஒரு கணக்குச் சொல்லியிருந்தார். ஒரு சொட்டுவான் மணிக்கு 4 லிட்டர் விட வேண்டும், அப்படியானால் 15 நிமிஷத்தில் ஒரு லிட்டர் பாட்டில் நிறைய வேண்டும். மோட்டாரைப் போட்டு, முதல் வரிசையில் ஒரு பாட்டில், கடைசி வரிசைக் கடைசி மரத்தடியில் ஒரு பாட்டில் வைத்தேன். முதல் பாட்டில் நிறைந்தது. கடைசிப் பாட்டிலில் பாதிகூட இல்லை. "போகப் போகச் சரியாயிடும்ங்ண்ணா" என்றான் கம்பெனிப் பையன். வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் வரிசைகளுக்குத் தண்ணீர் பிரித்துவிடும் சப்மெயின் பைப் 75 மில்லிமீட்டர். மண்ணைத் தோண்டிப் பார்த்தால் கிடந்தது 63. கையெழுத்துப் போடவில்லை. பதினோரு நாள் கழித்து வந்து மாற்றினார்கள். அதன் பிறகு அலுவலர் வந்து, இடம் பதிவாகும் செல்போன் கேமராவில் என்னையும் ஃபில்டரையும் சேர்த்துப் படம் எடுத்தார். மானியத் தொகை கம்பெனிக்குப் போனது. வரைபடத்துக்கு மேல் நான் கேட்டு வாங்கிய பைப்புக்கு மட்டும் கையிலிருந்து கொடுத்தேன்.

ஒன்று எனக்குத் தவறிவிட்டது. சொட்டுநீர் போடுகிறவர்களுக்குத் துணை நிலை நீர் மேலாண்மைத் திட்டத்தில் மோட்டார் வாங்கப் பாதி விலை, அதிகபட்சம் 15,000 ரூபாய் வரை மானியம் உண்டு. தரைநிலைத் தொட்டிக்கும் உண்டு. மனு கொடுக்கும்போதே கேட்டு வையுங்கள்.

இப்போது ஒரே மோட்டார் ஓட்டத்தில் பாக்கும் மரவள்ளியும் நனைகின்றன. வாரம் ஒருமுறை ஃபில்டரைக் கழற்றிக் கழுவுகிறேன், வரிசை முனையின் மூடியைத் திறந்து கசடை வெளியே விடுகிறேன். அந்த இரண்டு பாட்டிலும் மோட்டார் ரூமிலேயே இருக்கின்றன. மாதம் ஒருமுறை அம்மாவே எடுத்துப் போய் கடைசி மரத்தடியில் வைத்துப் பார்க்கிறார். அக்கா பாகத்துக்கும் சிட்டா எடுத்தாயிற்று, இந்த வாரம் மேட்டுக்காட்டில் மண் எடுக்கிறோம்.